ஹோண்டா மங்கி, டாக்ஸ் சிறுவண்டிகளின் முகப்பு விளக்கு: அசல் பாகத்தை அறியும் வழிகள்

மினிபைக் எனப்படும் குட்டி மோட்டார் வண்டிகளில் சேகரிப்பாளர்கள் பெரிதும் தேடுபவை ஹோண்டாவின் மங்கி, டாக்ஸ் ஆகிய இரு வரிசைகள். இரண்டும் 1960களில் ஜப்பானில் உருவானவை. இவற்றின் எஞ்சினிலும் சட்டகத்திலும் எண் பொறிக்கப்பட்டிருக்கும். ஆகவே ஒரு வண்டியின் எஞ்சின் எந்தக் காலத்தது, சட்டகம் எந்த நாட்டுச் சந்தைக்குச் சென்றது என்பதை எண்ணைக் கொண்டு ஓரளவு உறுதி செய்யலாம். முகப்பு விளக்குக்கு அந்த வசதி இல்லை. எந்த வண்டியோடு அது ஆலையிலிருந்து வெளியேறியது என்று சொல்லும் எண் எதுவும் அதில் கிடையாது. அதன் வயதையும் பிறப்பிடத்தையும் கண்ணாடியில் வார்க்கப்பட்ட சின்னங்கள், கூட்டின் திருகாணி, உள்ளே ஓடும் வயர்களின் நிறம் ஆகிய சிறு தடயங்களைச் சேர்த்துப் பார்த்தே அறிய வேண்டியிருக்கிறது.

இந்தத் தடயங்களைப் படிப்பதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை தெரிந்திருக்க வேண்டும்: இந்த வண்டிகளுக்கு விளக்கு எப்போது, எதற்காக வந்தது? மினிபைக்கின் வரலாற்றில் விளக்கு ஓர் எல்லைக்கோடு. விளக்கு இல்லாதவரை அது விளையாட்டு வண்டி. விளக்கு பொருத்தப்பட்டதும் சாலைச் சட்டத்துக்குள் வந்துவிடுகிறது. ஒவ்வொரு நாட்டின் சட்டமும் தன் முத்திரையை அந்த விளக்கின் மேல்தான் பதித்தது.

விளக்கில்லாத தலைமுறை

சிறுவண்டிகளின் முன்னோடிகளில் ஒன்று இரண்டாம் உலகப் போரில் பிரிட்டன் உருவாக்கிய வெல்பைக். பாராசூட் மூலம் இறக்கப்படும் உருளைப் பெட்டிக்குள் மடித்து வைக்கும்படி 1942இல் வடிவமைக்கப்பட்டது. 98 சிசி வில்லியர்ஸ் எஞ்சின் கொண்டது. அதற்கு அதிர்வுதாங்கி கிடையாது, முன்சக்கர பிரேக் கிடையாது, விளக்கும் கிடையாது. போர் முடிந்தபின் அதே எண்ணத்தில் கார்கி என்ற வண்டி பொதுமக்களுக்காகத் தயாரிக்கப்பட்டது. பொதுச்சாலையில் ஓட வேண்டியிருந்ததால் அதற்கு விளக்கும் வந்தது. மடித்து வைக்கும் வசதி பரம்பரையாகத் தொடர்ந்தது, விளக்கோ சட்டத்தால் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவில் வளர்ந்த மினிபைக் மரபு வேறு வகை. வளைத்துப் பற்றவைத்த இரும்புக் குழாய்ச் சட்டகத்தில் புல்வெட்டும் இயந்திரத்தின் எஞ்சினைப் பொருத்தி ஓட்டுவதே அங்கு வழக்கம். அத்தகைய எஞ்சினில் பிளக்கில் தீப்பொறி எழுப்புவதற்கான மின்சாரம் மட்டுமே உற்பத்தியாகும். விளக்கெரிக்கத் தனியாக ஒரு காயில் வேண்டும். கொல்லைப்புறத்திலும் மைதானத்திலும் பகலில் ஓட்டும் வண்டிக்கு அந்தச் செலவை யாரும் செய்யவில்லை. இந்தக் காரணத்தால், 1960களின் பெரும்பாலான அமெரிக்க மினிபைக்குகளில் ‘அசல் முகப்பு விளக்கு’ என்று ஒன்றைக் காட்டி விற்றால் முதலில் ஐயப்படுவதே சரி. விதிவிலக்குகள் உண்டு. ஒஹாயோ மாநிலத்தில் மிக்கி ரப் நடத்திய நிறுவனம் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட ரோட்ஸ்டர் மாடல் விளக்குகளோடு வந்தது. அதன் டெகும்சே எஞ்சினில் விளக்குக்கான காயிலும் இருந்தது. ரோட்ஸ்டரின் விளக்கு அசல்தானா என்று ஆராய்பவர் விளக்கை விட்டுவிட்டு முதலில் எஞ்சினில் அந்தக் காயில் இருக்கிறதா என்று பார்ப்பது நல்லது.

ஹோண்டாவின் கதையும் விளக்கில்லாமல்தான் தொடங்கியது. 1961இல் டோக்கியோவின் புறப்பகுதியில் இருந்த டாமா டெக் என்ற ஹோண்டாவின் கேளிக்கைப் பூங்காவுக்காக இசட்100 என்ற குட்டி வண்டி செய்யப்பட்டது. அதன் 49 சிசி எஞ்சின் சூப்பர் கப் வண்டியிலிருந்து எடுத்துக்கொண்டது. 5 அங்குலச் சக்கரத்தின் மேல் பெரியவர்கள் குந்தி உட்கார்ந்து ஓட்டும் காட்சி குரங்கு உட்கார்ந்திருப்பதைப் போல இருந்ததால் ‘மங்கி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதாகச் சொல்வார்கள். பூங்காவின் வேலிக்குள் ஓடிய வண்டிக்குச் சாலைச் சட்டம் பொருந்தவில்லை.

சாலைக்கு வந்தபோது

பூங்காவில் கிடைத்த வரவேற்பைக் கண்ட ஹோண்டா, சாலையில் ஓட்டக்கூடிய சிஇசட்100 என்ற வடிவத்தை உருவாக்கி 1963 முதல் முக்கியமாக ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்தது. மங்கி வரிசையில் முகப்பு விளக்கின் வரலாறு உண்மையில் இங்கிருந்துதான் தொடங்குகிறது. 1967இல் இசட்50எம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. கைப்பிடியை மடித்து, இருக்கையைத் தாழ்த்திக் காரின் டிக்கியில் வைத்துக்கொண்டு போகலாம் என்பது அதன் கவர்ச்சி. அடுத்து வந்த இசட்50ஏ 8 அங்குலச் சக்கரமும் முன்புற அதிர்வுதாங்கியும் பெற்றது. அமெரிக்காவில் அது 1968 முதல் ‘மினி டிரெயில்’ என்ற பெயரில் விற்றது.

1969இல் டாக்ஸ் வந்தது. நீண்ட உடலும் குட்டைக் கால்களும் கொண்ட டாக்ஸ்ஹுண்ட் நாயின் பெயர் அது. தகட்டை அழுத்தி வார்த்த முதுகெலும்புச் சட்டகத்தைப் பார்த்தால் பெயரின் பொருத்தம் புரியும். ஜப்பானில் எஸ்டி50, எஸ்டி70 என்றும், அமெரிக்காவில் சிடி70 என்றும் விற்பனையானது. சிடி70 அமெரிக்காவில் 1982 வரையிலும், பிறகு 1991 முதல் 1994 வரையிலும் கிடைத்தது. ஜப்பானில் டாக்ஸ் 1995இல் மறுபிறவி எடுத்தது. 50 சிசி மங்கி 2017 ஆகஸ்டு வரை தயாரிப்பில் இருந்தது. இந்த நீண்ட ஆயுளை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இதிலிருந்துதான் பிறக்கின்றன.

அமெரிக்கச் சந்தையில் ஒரு தலைகீழ்த் திருப்பமும் நடந்தது. 1970களின் மினி டிரெயிலில் முகப்பு விளக்கு இருந்தது. 1979இல் அதன் இடத்துக்கு வந்த இசட்50ஆர் மண்பாதையில் மட்டும் ஓட்டும் சிறுவர் வண்டி. அதில் விளக்கே இல்லை. 1999 வரை அப்படியே விற்றது. ஜப்பானிலோ அதே காலத்தில் மங்கி விளக்கு, இண்டிகேட்டர், எண் பலகை எல்லாவற்றோடும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே குடும்பத்தின் இரண்டு கிளைகள், ஒன்று விளக்கை வைத்துக்கொண்டது, மற்றொன்று கைவிட்டது. இசட்50ஆர் சட்டகத்தில் ஜப்பானிய மங்கியின் விளக்கைப் பொருத்திப் ‘பழைய மினி டிரெயில்’ என்று காட்டப்படும் வண்டிகளை இந்த ஒரு தகவலாலேயே பிரித்தறியலாம்.

முதலில் தொலைவது விளக்கு

வண்டி கீழே விழுந்தால் முதலில் தரையில் மோதும் பாகங்களில் முகப்பு விளக்கும் ஒன்று. இந்த வண்டிகளைப் பெரும்பாலும் ஓட்டியவர்கள் சிறுவர்கள், ஓட்டிய இடம் மண்பாதை. கண்ணாடி உடைந்தால் பெற்றோர் புதிது வாங்கித் தருவதைவிட விளக்கைக் கழற்றிவிட்டு ஓட்டச் சொல்வதே நடந்தது. பந்தயத்துக்காக எடையைக் குறைக்க நினைத்தவர்களும் முதலில் கை வைத்தது விளக்கில்தான். கழற்றிய விளக்கு கார் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் கிடந்து, வீடு மாறும்போது குப்பைக்குப் போனது.

இன்னொரு காரணம் மின்சாரம். இவ்வகைச் சிறு ஹோண்டாக்களில் முகப்பு விளக்கு பேட்டரியிலிருந்து எரிவதில்லை. எஞ்சினோடு சுழலும் காந்தச் சக்கரத்தின் காயிலிலிருந்து நேரடியாக மின்சாரம் பெறுகிறது. எஞ்சின் வேகம் கூடினால் வெளிச்சமும் கூடும், குறைந்தால் மங்கும். பழைய டிவிஎஸ் 50 ஓட்டியவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. பின்விளக்கு பல்பு எரிந்து போனாலோ தவறான பல்பு போட்டாலோ மிச்ச மின்னழுத்தம் முகப்பு பல்பின் மேல் ஏறி அதையும் எரித்துவிடும். அடிக்கடி பல்பு போகும் விளக்கை மக்கள் சபித்துக்கொண்டே மாற்றினார்கள். மாற்றும்போது ஹோல்டரையும் வயரையும் வெட்டி ஒட்டினார்கள்.

‘அசல்’ என்றால் எது?

உதிரிபாக வணிகத்தில் ‘ஒரிஜினல்’ என்ற சொல் நான்கு வெவ்வேறு பொருள்களைச் சுமக்கிறது. அவற்றைக் குழப்புவதால்தான் பெரும்பாலான தகராறுகள் வருகின்றன. ஒரு வண்டி ஆலையிலிருந்து வெளிவந்தபோது அதில் பொருத்தப்பட்டிருந்த விளக்கு முதல் வகை. இதை ‘முதற்பொருத்தம்’ எனலாம். அதே ஆண்டுகளில் ஹோண்டா தன் முகவர்களுக்கு உதிரியாக அனுப்பி, விற்காமல் பெட்டியிலேயே கிடந்த பழைய சரக்கு இரண்டாவது. மூன்றாவது வகைதான் ஏமாற்றுவது: ஹோண்டாவின் பெட்டியில், ஹோண்டாவின் எண்ணோடு, ஆனால் பல ஆண்டுகள் கழித்து மாற்றியமைத்துத் தயாரிக்கப்பட்ட உதிரி. அது போலி அல்ல, ஆனால் 1970ஆம் ஆண்டு வண்டியின் அசலும் அல்ல. நான்காவது, வேறு நிறுவனங்கள் அச்சு அசலாகச் செய்யும் நகல்.

மங்கி ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக உருவத்தில் அதிகம் மாறாமல் தயாரிக்கப்பட்டதால் மூன்றாவது வகை ஏராளமாக இருக்கிறது. பின்னாளைய விளக்கும் பார்வைக்கு உருண்டையாக, அதே அளவில்தான் இருக்கும். விற்பவர் பொய் சொல்லாமலேயே வாங்குபவர் ஏமாறலாம். என் மதிப்பீட்டில் நகல்களைவிட இந்த மூன்றாம் வகையே சேகரிப்பாளர்களை அதிகம் தடுமாற வைக்கிறது, ஏனெனில் நகலைக் கண்டுபிடிக்கும் சோதனைகள் எல்லாவற்றிலும் இது தேறிவிடும்.

பணமும் இதில் கலந்திருக்கிறது. 2018இல் பிரிட்டனில் ஜான் லென்னன் பயன்படுத்திய இசட்50ஏ ஒன்று 57,500 பவுண்டுக்கு ஏலம் போனது. அது லென்னனின் பெயருக்குக் கிடைத்த விலை. பெயர் பெற்ற உரிமையாளர் இல்லாத சாதாரண வண்டிக்கு அதன் பாகங்களே சாட்சி, அவற்றின் உண்மையைப் பொறுத்தே அதன் மதிப்பு அமைகிறது.

கண்ணாடியில் எழுதியிருப்பது

முகப்பு விளக்கில் மிகுந்த தகவல் தருவது அதன் முன்கண்ணாடி. ஹோண்டா தன் விளக்குகளைத் தானே செய்யவில்லை, விளக்கு நிறுவனங்களிடமிருந்து வாங்கியது. ஆகவே கண்ணாடியில் ஹோண்டாவின் பெயரைத் தேடுவது வீண். அங்கே தேட வேண்டியது ஸ்டான்லி போன்ற விளக்கு நிறுவனத்தின் பெயரை. ஸ்டான்லி எலெக்ட்ரிக் 1920இல் ஜப்பானில் தொடங்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் பயணம் செய்த ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியின் பெயரை அதன் நிறுவனர் வைத்தார். ஜப்பானின் மற்றொரு பெரிய விளக்கு நிறுவனமான கோயிட்டோ 1915இல் தோன்றியது, ரயில் சைகை விளக்குகளுக்குக் கண்ணாடி செய்து வளர்ந்தது.

இந்தப் பெயர்கள் கண்ணாடியை வார்க்கும்போதே அச்சிலிருந்து பதிபவை. நல்ல அசல் கண்ணாடியில் எழுத்தின் விளிம்பு கூர்மையாக இருக்கும், விரலால் தடவினால் உணரலாம். அசல் கண்ணாடியையே மாதிரியாக வைத்து அச்சு எடுத்துச் செய்த நகலில் எழுத்து மழுங்கியிருக்கும். சில நகல்களில் பெயர் இருந்த இடம் வெறுமையாக, ஆனால் மற்ற வரிகள் அப்படியே இருப்பதைக் காணலாம். பெயரை மட்டும் அழித்துவிட்டு அச்சு எடுத்ததன் விளைவு அது.

பெயரின் அருகே எண்கள் இருக்கும். அவை விளக்கு நிறுவனத்தின் சொந்த எண்கள், ஹோண்டாவின் பாக எண்கள் அல்ல. இரண்டும் ஒத்துப்போகவில்லை என்பதால் விளக்கு போலி என்று முடிவு கட்டுபவர்கள் உண்டு. ஒத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை.

அமெரிக்காவுக்குச் சென்ற விளக்குகளில் எஸ்.ஏ.இ. என்ற மூன்றெழுத்தைக் காணலாம். அது அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கத்தின் தரக்குறியீடு. அதைத் தொடரும் எழுத்து விளக்கின் வகையைச் சொல்கிறது. மோட்டார் சைக்கிள் முகப்பு விளக்குக்கு ‘எம்’, அதைவிடச் சிறிய மோட்டார் வண்டிகளுக்கான முகப்பு விளக்குக்கு ‘என்’. எழுத்துக்குப் பின் இரண்டு இலக்கங்கள் வந்தால் அங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். ‘71’ என்றிருந்தால் விளக்கு 1971இல் செய்யப்பட்டது என்று பொருளல்ல. 1971இல் திருத்தப்பட்ட தரவிதிக்கு ஏற்ப வடிவமைக்கப்பட்டது என்றுதான் பொருள். அந்த விளக்கை 1978இலும் செய்திருக்கலாம். 1969இல் மட்டும் செய்திருக்க முடியாது. இந்த எண் தருவது கீழ் எல்லை. 1969ஆம் ஆண்டு சிடி70 ஒன்றில் ‘71’ பொறித்த கண்ணாடி இருந்தால் அது பின்னால் மாற்றப்பட்டது என்பது உறுதி. 1976ஆம் ஆண்டு வண்டியில் இருந்தால் எதையும் மெய்ப்பிக்காது.

ஐரோப்பிய விளக்குகளில் வட்டத்துக்குள் ‘இ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 1958இல் ஜெனீவாவில் கையெழுத்தான வாகனத் தர உடன்பாட்டின் சின்னம் அது. எண் நாட்டைக் குறிக்கும்: 1 ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன். இந்த எண்ணைப் பார்த்து விளக்கு எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று சொல்வது தவறு. எந்த நாடு சோதித்து அனுமதி கொடுத்தது என்பதைத்தான் அது காட்டுகிறது. ஜப்பானில் செய்த விளக்கில் நெதர்லாந்தின் எண் இருப்பதில் முரண் ஏதும் இல்லை.

இந்தச் சின்னத்தால் கிடைக்கும் மிக உறுதியான சான்று 43 என்ற எண். அது ஜப்பானுக்கு உரியது. ஜப்பான் அந்த உடன்பாட்டில் சேர்ந்தது 1998இல். எனவே வட்டத்துக்குள் 43 என்றிருக்கும் கண்ணாடி எவ்வளவு அழுக்காக, எவ்வளவு கீறலோடு இருந்தாலும் 1970களின் கண்ணாடியாக இருக்கவே முடியாது. ஸ்டான்லியின் பெயர் இருக்கலாம், ஹோண்டாவின் பெட்டியில் வந்திருக்கலாம், அசல் ஜப்பானியத் தயாரிப்பாகவும் இருக்கலாம். ஆனாலும் அது முன்பு சொன்ன மூன்றாம் வகை.

ஜெர்மனியில் தேசிய அனுமதிக்கு வேறொரு அடையாளம் உண்டு. ஓர் அலைக்கோடு, அதையடுத்து ‘கே’ என்ற எழுத்து, பிறகு எண். ஜெர்மானியச் சந்தைக்குச் சென்ற டாக்ஸ், மங்கி வண்டிகளின் விளக்குகளில் இதைத் தேடலாம். இத்தாலிய விளக்குகளில் அந்நாட்டு வாகனத் துறையின் ஐ.ஜி.எம். எழுத்துகள் காணப்படும். ஜப்பானிய உள்நாட்டு வண்டி என்று சொல்லி விற்கப்படும் ஒன்றின் கண்ணாடியில் அலைக்கோடு இருந்தால், வண்டி எங்கோ ஐரோப்பாவில் சுற்றிவிட்டு வந்திருக்கிறது அல்லது விளக்கு மட்டும் வந்திருக்கிறது.

கூடும் மரையும்

கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது ரிஃப்ளெக்டர். இரண்டையும் தாங்குவது வெளிவளையம். அதற்கும் பின்னால் இருப்பது நம் ஊர்ப் பட்டறைகளில் ‘டூம்’ என்று சொல்லப்படும் கூடு. கண்ணாடி அசலாக இருந்து கூடு மாறியிருப்பது மிகச் சாதாரணம். ஆகவே விளக்கு முழுவதையும் ஒரே தீர்ப்பால் அசல் என்றோ நகல் என்றோ சொல்லக் கூடாது. ஒவ்வொரு துண்டையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும்.

சிடி70இன் கூட்டில் வேகமானி மேற்புறத்தில் பதிந்திருக்கும். அந்த வேகமானி மைல் கணக்கில் இருக்கிறதா, கிலோமீட்டர் கணக்கில் இருக்கிறதா என்பது சந்தையைக் காட்டும் எளிய தடயம். அமெரிக்க வண்டியின் கூட்டில் கிலோமீட்டர் வேகமானி இருந்தால் கூடும் வேகமானியோடு சேர்ந்து வேறு நாட்டிலிருந்து வந்திருக்க வாய்ப்புண்டு. கூட்டின் உட்புறத்தையும் பார்க்க வேண்டும். வெளியே பலமுறை வண்ணம் பூசியிருப்பார்கள், உள்ளே பழைய வண்ணத்தின் துகள் தங்கியிருக்கும். வண்டியின் ஆலை நிறத்தோடு அது பொருந்தினால் கூடும் வண்டியும் ஒன்றாகப் பிறந்தவை என்று நம்பக் காரணம் கிடைக்கிறது.

திருகாணிகள் யாரும் கவனிக்காத சாட்சிகள். ஜப்பானியத் தொழில்தரம் 1960களின் பிற்பாதியில் பழைய மரையிலிருந்து பன்னாட்டு மரைக்கு மாறியது. 5 மில்லிமீட்டர் திருகாணியில் ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் இடையே 0.9 மிமீ இருந்தது 0.8 ஆனது. 4 மிமீ திருகாணியில் 0.75 என்பது 0.7 ஆனது, 3 மிமீ திருகாணியில் 0.6 என்பது 0.5 ஆனது. புதிய மரை கொண்ட திருகாணிகளை அடையாளம் காண அவற்றின் தலையில் ஒரு சிறு புள்ளிக் குழி இடப்பட்டது. 1963இன் சிஇசட்100 விளக்கு வளையத்தில் அச்சு மாறாத பழைய மரை இருக்க வேண்டும். 1969இன் டாக்ஸில் புதிய மரை இருக்க வேண்டும். இசட்50எம் இந்த மாற்றத்தின் எல்லையில் பிறந்தது, அதன் மரையை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இருப்பது நல்லது. மரை அளவி ஒன்றை வாங்கிக்கொண்டால் இந்தச் சோதனையைச் சில நிமிடங்களில் செய்துவிடலாம். அளக்காமல் புதிய திருகாணியைப் பழைய துளையில் பலவந்தமாகத் திருகி மரையைக் கெடுத்தவர்கள் பலர். அப்படிக் கெட்ட துளையும் ஒருவகையில் சான்றுதான்: அந்தக் கூடு பழையது.

வயரின் நிறமும் மின்னழுத்தமும்

ஹோண்டா தன் வயர்களுக்கு ஒரு நிற ஒழுங்கைப் பல பத்தாண்டுகளாகப் பின்பற்றி வருகிறது. முகப்பு விளக்கில் டிம்முக்கு வெள்ளை, பிரைட்டுக்கு நீலம், எர்த்துக்குப் பச்சை. யமஹாவில் டிம்முக்குப் பச்சை, பிரைட்டுக்கு மஞ்சள், எர்த்துக்குக் கறுப்பு. பச்சை வயர் ஒரு நிறுவனத்தில் எர்த்தாகவும் மற்றொன்றில் மின்சாரம் ஓடும் வயராகவும் இருப்பதைக் கவனிக்க வேண்டும். ஹோண்டா விளக்கு என்று வந்த ஒன்றின் ஹோல்டரில் மஞ்சள் வயரும் கறுப்பு வயரும் தொங்கினால் அது யமஹா சிறுவண்டியிலிருந்து வந்திருக்கலாம். அதைச் சோதிக்காமல் நிறத்துக்கு நிறம் இணைத்தால் காயிலிலிருந்து வரும் மின்சாரம் நேராக எர்த்துக்குப் போய்விடும்.

நகல் விளக்குகளின் வயர்கள் பெரும்பாலும் நிறத்தைச் சரியாகப் பின்பற்றுகின்றன. அங்கே வேறுபாடு வயரின் முனையில் தெரியும். பழைய ஹோண்டா வயர்களின் முனையில் துப்பாக்கிக் குண்டு வடிவ உலோக முனையும் அதன்மேல் ஒளி ஊடுருவும் மெல்லிய உறையும் இருக்கும். ஐம்பது ஆண்டு வெப்பத்தில் அந்த உறை விறைத்து மஞ்சளித்திருக்கும். பளபளக்கும் புதிய உறை இருந்தால் வயர் மாற்றப்பட்டிருக்கிறது. அதனால் விளக்கே புதிது என்று ஆகிவிடாது.

மின்னழுத்தம் மற்றொரு கால அளவுகோல். பழைய மங்கியும் டாக்ஸும் 6 வோல்ட் வண்டிகள். மங்கி 1990களில் 12 வோல்ட்டுக்கு மாறியது. பல்பின் அடியில் வோல்ட்டும் வாட்டும் எழுதியிருக்கும், ஆனால் பல்பு எளிதில் மாறும் பொருள், அதைச் சான்றாகக் கொள்ள முடியாது. ஹோல்டரின் வடிவத்தையும் ரிஃப்ளெக்டரின் துளையையும் பார்க்க வேண்டும், ஏனெனில் பல்பின் அடித்தட்டு எந்த வகையோ அதற்கேற்பவே அவை வெட்டப்பட்டிருக்கும். 12 வோல்ட் பல்பை 6 வோல்ட் வண்டியில் போட்டால் கரி நெருப்பு மாதிரி சிவந்து மங்கலாக எரியும். விளக்கு மங்கலாக எரிகிறது என்று காயிலை மாற்றச் செலவு செய்வதற்கு முன் பல்பைக் கழற்றிப் படித்துவிடுவது நல்லது.

பாக எண் சொல்வதும் சொல்லாததும்

ஹோண்டாவின் பாக எண் மூன்று பகுதிகள் கொண்டது. முதல் ஐந்து இலக்கம் பாகம் என்ன என்பதைச் சொல்லும். 33 என்று தொடங்குபவை விளக்குகள். 33120 என்றால் முகப்பு விளக்கின் கண்ணாடி–ரிஃப்ளெக்டர் தொகுதி. 61301 என்பது விளக்குக் கூடு. நடுவில் உள்ள மூன்று இலக்கம் எந்த மாடலுக்காக அந்தப் பாகம் முதலில் வடிவமைக்கப்பட்டது என்பதைக் காட்டும். 045 என்றால் இசட்50ஏ, 098 என்றால் சிடி70. கடைசி மூன்று இலக்கம் பதிப்பு மாற்றத்தையும் சந்தை வேறுபாட்டையும் பிரிக்கிறது. நடு எண்ணை மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் கடைசி எண்ணையும் அந்த ஆண்டின் உதிரிபாகப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். பழைய பதிப்பு தீர்ந்தபின் அதன் இடத்தில் புதிய பதிப்பைத் தரும்போது மாறுவது பெரும்பாலும் அந்தக் கடைசிப் பகுதிதான்.

பாக எண் அச்சிட்டிருப்பது பெட்டியின் மேல் அல்லது பையின் மேல் ஒட்டிய தாளில். விளக்கின் மேல் அல்ல. பழைய பெட்டிக்குள் புதிய நகலை வைத்து விற்பது கடினமான காரியம் இல்லை. பெட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டு கண்ணாடி சொல்வதை நம்ப வேண்டும்.

துடைத்து அழிக்கப்படும் சான்று

நகல் செய்வது குற்றமல்ல. உடைந்த கண்ணாடிக்குப் பதில் ஏதாவது ஒன்று வேண்டும், அசல் தீர்ந்துபோயிற்று, நகல் இல்லையென்றால் பல வண்டிகள் குருடாகவே நிற்கும். சீனாவில் மங்கியைப் பின்பற்றிச் செய்யப்பட்ட வண்டிகள் வந்தபின் அவற்றின் விளக்குகள் மலிவாக எங்கும் கிடைக்கின்றன. பிளாஸ்டிக் முகம் கொண்டவையும் உண்டு. நகத்தால் தட்டினால் கண்ணாடியின் ஓசையும் பிளாஸ்டிக்கின் ஓசையும் வேறுபடும். ஓட்டுவதற்கு இவை போதும்.

தீங்கு நடப்பது வேறிடத்தில். புதுப்பித்தல் என்ற பெயரில், கீறல் விழுந்த அசல் கண்ணாடியைக் குப்பையில் எறிந்துவிட்டுப் பளிச்சென்ற நகலை மாட்டுகிறார்கள். மங்கிப்போன ரிஃப்ளெக்டரைத் துணியால் அழுத்தித் துடைக்கிறார்கள். அதன் மேலுள்ள அலுமினியப் பூச்சு மிக மெல்லியது. ஒரே துடைப்பில் கையோடு வந்துவிடும், பிறகு திரும்பாது. துருப்பிடித்த வளையத்துக்குப் புதிய குரோம் பூசும்போது விளிம்பில் இருந்த அழுத்த முத்திரைகளைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். வண்டி அழகாகிறது, ஆனால் அது எந்த ஆண்டில் எந்த நாட்டுச் சாலைக்காகச் செய்யப்பட்டது என்பதை இனி அதனிடம் கேட்க முடியாது. கழற்றிய அசல் துண்டுகளை, அவை எவ்வளவு உடைந்திருந்தாலும், வண்டியின் சட்டக எண்ணை எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. அடுத்து வாங்குபவருக்கு அந்தப் பெட்டி வண்டியின் பாதி வரலாறு.

50 சிசி மங்கி நின்றபின் 2018இல் 125 சிசி எஞ்சினோடு புதிய மங்கி வந்தது. அதன் முகப்பு விளக்கு பழைய வடிவத்தை நினைவூட்டும்படி உருண்டையாகத்தான் இருக்கிறது. உள்ளே எல்.இ.டி. விளக்குகள். கழற்றி மாற்றப் பல்பு இல்லை, ஹோல்டர் இல்லை, பல்பின் அடியில் வோல்ட் எழுதியிருக்க வாய்ப்பும் இல்லை. இன்னும் நாற்பது ஆண்டுகள் கழித்து அதன் அசலைத் தேடுபவர்களுக்குக் கண்ணாடியில் வார்த்த எழுத்தும் வட்டத்துக்குள் இருக்கும் எண்ணும்தான் மிஞ்சியிருக்கும்.